மனையைப் பிரித்து விற்கும்போது ஈ.பி., தண்ணீர், கழிவுநீர் இணைப்பெல்லாம் யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: திருச்சிக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் 60 அடி முகப்பு, 130 அடி ஆழத்தில் ஒரு வீட்டு மனை, கிட்டத்தட்ட 18 செண்ட். முன்னால் பழைய வீடு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் இடத்தை மூன்று மனையாகப் பிரித்து விற்க வேண்டும். பக்கவாட்டில் 12 அடிப் பாதை விடலாம் என்று யோசனை. மூன்று மனைக்கும் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பை விற்பவரே வாங்கித் தர வேண்டுமா, வாங்குபவர் பார்த்துக்கொள்வாரா, எதை எப்போது செய்வது?

இணைப்பை வாங்குபவர்தான் வாங்கிக்கொள்வார், அதுதான் நடைமுறை. காலி மனைக்கு வீட்டு மின் இணைப்பு என்று ஒன்றை உங்கள் பெயரில் வாங்கி வைத்து விற்கவும் முடியாது. வாங்கியவர் கட்டடம் ஆரம்பிக்கும்போது தன் பத்திரம், பட்டாவை வைத்துத் தற்காலிக இணைப்பு வாங்குவார், வீடு முடிந்ததும் வீட்டு இணைப்புக்கு மாறுவார். ஊராட்சிக் குடிநீர்க் குழாயும் அப்படித்தான், வீட்டு வரி ரசீதோடு அவர் விண்ணப்பிப்பார். ஆனால் அந்தக் கம்பியும் குழாயும் ரோட்டிலிருந்து மூன்றாவது மனை வரை எந்த இடத்தின் வழியாக வரும், அந்த இடம் யாருக்குச் சொந்தம், அங்கே தோண்ட யார் அனுமதி வேண்டும் என்ற மூன்றையும் நீங்கள்தான் தீர்த்துக் கொடுக்க வேண்டும், அதுவும் முதல் பத்திரம் பதிவாவதற்கு முன்னால். பதிவான பிறகு அந்தப் பாதையில் ஒரு கடப்பாரை போடக்கூட இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

நான் மனைப்பிரிவு வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவன். பின்மனைத் தகராறுகளில் நான் பார்த்தவற்றில் எல்லைக்கல் சண்டை குறைவு. தண்ணீர்க் குழாய், ஈ.பி. கம்பம், செப்டிக் டேங்க் இந்த மூன்றில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

முதலில் அனுமதியை முடித்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எட்டு மனை வரைக்கும் உட்பிரிவு, அதற்கு மேல் போனால் மனைப்பிரிவு, அதாவது லேஅவுட். உங்களுடையது உட்பிரிவு. "எட்டுக்குள்தானே, அனுமதி வேண்டாம்" என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள். 2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறையில் இருக்கிறது, அனுமதியில்லாத புது மனையைச் சார்பதிவாளர் பதிய மாட்டார். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மாவட்ட அலுவலகம், ஊராட்சி இரண்டு வழியாகவும் போய் உட்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். 12 அடிப் பாதை போதுமா என்பதும் அங்கேதான் தெரியும், மனை எத்தனை, பாதை எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்துத்தான் அகலம் கேட்பார்கள். அதை உறுதி செய்யாமல் வாங்குபவரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை, ரெரா, அதாவது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதன் ஆணையமும். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மனையாக்கி விற்றால் ரெராவில் பதிய வேண்டும், பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லை, நிலத்தைப் பிரித்து விற்கும் நீங்களும் அதன் கணக்கில் புரமோட்டர்தான். உங்கள் மொத்த இடம் 7,800 சதுர அடி, 725 சதுர மீட்டர் வருகிறது. முன்வீட்டு மனையைக் கழித்துவிட்டால் தப்பிக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அடிப் பாதை போக மீதி 48 அடி அகலத்தில் 48-க்கு 40 என்று வீட்டுக்கு ஒதுக்கினால் மீதி 5,880 சதுர அடி, அதாவது 546 சதுர மீட்டர், அப்போதும் தாண்டுகிறது. பதிவு செய்வதில் ஒரு நன்மையும் உண்டு, எந்தெந்த வசதி செய்து தருகிறேன் என்று அங்கே எழுதிக் கொடுப்பதால் பின்னால் "வாய்மொழியாகச் சொன்னார்" என்ற பேச்சுக்கு இடமில்லை. எழுதியதைச் செய்யாவிட்டால் மாட்டுவீர்கள் என்பதும் அதே காரணத்தால்தான், அதனால் செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

இப்போது பாதை. மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பாதையை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. பொதுத்தெரு ஆகிவிட்டால் ஊராட்சி குழாய் போடலாம், தெருவிளக்கு போடலாம், மின்வாரியம் கம்பம் நட யாரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டாம், எல்லாம் சுலபம். ஆனால் புதுத்தெரு என்று விட்டால் பொதுவாக 7.2 மீட்டர் அகலம் கேட்பார்கள், கிட்டத்தட்ட 24 அடி. 130 அடி நீளத்துக்கு அது 7 செண்டுக்கு மேல் போய்விடும், 18 செண்டில் 7 செண்ட் என்றால் யாருக்கும் மனம் வராது. இரண்டாவது, பாதையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நடக்க உரிமை கொடுப்பது. நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், எனக்குப் பிடிக்காத வழியும் இதுதான். நீங்கள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, உங்களுக்குப் பிறகு வாரிசுகள் நான்கு பேர் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள், கடைசி மனைக்காரர் மூன்று ஃபேஸ் வாங்கக் கேபிள் மாற்ற வேண்டுமென்றால் நான்கு பேரிடமும் தடையின்மைக் கடிதம் வாங்கி அலைவார். மூன்றாவது, பாதையில் நான்கு மனைக்கும் ஆளுக்குக் கால் பங்கு பிரிபடாத பாத்தியமாக எழுதிக் கொடுப்பது. உங்கள் இடத்துக்கு இதுதான் சரி.

ஆனால் கால் பங்கு என்று எழுதினால் மட்டும் போதாது, ஒவ்வொரு கம்பத்துக்கும் நான்கு பேர் கையெழுத்துக் கேட்கும் நிலை அப்படியே இருக்கும். சம்மதத்தைப் பத்திரத்திலேயே முன்கூட்டி வாங்கிவிட வேண்டும். வழக்கமாக எழுத்தர்கள் "மேற்படி பொதுப்பாதையில் நடந்து, வண்டி வாகனம் ஓட்டிக்கொள்ளும் பாத்தியமும் சேர்த்து" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள், அதில் குழாய் எங்கே இருக்கிறது? நான் எழுதச் சொல்லும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மேற்படி 12 அடி அகலப் பொதுப்பாதையில் நடக்கவும், வண்டி வாகனங்கள் ஓட்டவும், பூமிக்கு மேலும் கீழும் மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தகவல் தொடர்பு கேபிள் கொண்டு செல்லவும், அவற்றைப் பழுது பார்க்கத் தோண்டி, தோண்டியவர் செலவில் மூடிச் சீர்செய்யவும், மின்வாரியமும் ஊராட்சியும் இதற்காகக் கம்பம், பெட்டி, குழாய் அமைப்பதற்கு மற்றப் பங்குதாரர்கள் ஆட்சேபம் செய்யாதிருக்கவும்." எல்லாப் பத்திரத்திலும் இதே வாசகம் ஓர் எழுத்து மாறாமல் வர வேண்டும். முன்வீட்டை நீங்களே வைத்துக்கொள்வதால் அதற்குப் புதுப் பத்திரம் வராது, அந்த இடம்தான் ஓட்டை. விற்கும் மூன்று பத்திரத்திலும் "எழுதிக் கொடுப்பவருக்கு மீதமுள்ள மனையையும் இது கட்டுப்படுத்தும்" என்று சேர்த்துவிடுங்கள்.

1882 ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின், அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியாக நமக்குள்ள பாதை, குழாய் போன்ற உரிமைகளைப் பற்றிய சட்டத்தின், 13 ஆம் பிரிவில், நிலம் பிரியும்போது அவசியமான வழி உரிமையும், கண்ணுக்குத் தெரிகிற தொடர்ச்சியான உரிமையும் பத்திரத்தில் எழுதாவிட்டாலும் கூடவே வரும் என்று இருக்கிறது. அதை நம்பி எழுதாமல் விடுபவர்கள் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் குழாய் கண்ணுக்குத் தெரியுமா, அவசியமா வெறும் வசதியா என்று வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு மனைக்கும் குழாயே போட்டுவிடலாம்.

அடுத்து, இப்போது மனையில் என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு வெள்ளைத் தாளில் வரையுங்கள். சர்வேயர் புலப்படத்தில் எல்லைதான் இருக்கும், செப்டிக் டேங்க் இருக்காது, போர்வெல் இருக்காது. பழைய வீடுகளில் செப்டிக் டேங்க் எப்போதும் கொல்லைப்பக்கம், போர் அல்லது கிணறு கடைசி மூலையில், மோட்டாருக்கு வீட்டு மீட்டரிலிருந்து ஒரு கேபிள் மண்ணுக்குள்ளோ தென்னை மரத்தில் கட்டியோ போகும். நீங்கள் சொன்ன விவரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டின் பின்சுவரிலிருந்து சில அடி தள்ளி டேங்க், கடைசி மூலையில் போர். வீட்டுக்கு 40 அடி என்று கோடு போட்டால் உங்கள் டேங்க் முதல் மனைக்காரர் இடத்தில் போய் உட்காரும். கோட்டை நகர்த்துவது டேங்க்கை நகர்த்துவதைவிட மலிவு. வீட்டு மனையை 46 அடி ஆக்கிவிட்டு மீதி 84 அடியை மூன்று 28 அடியாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 48-க்கு 28, 1,344 சதுர அடி, 3 செண்டுக்குக் கொஞ்சம் மேல். மனைக்கு 96 சதுர அடி குறையும், டேங்க்கும் உறிஞ்சு குழியும் உங்கள் எல்லைக்குள் வந்துவிடும்.

போர் உங்களுக்கு வராது, கடைசி மனைக்குப் போய்விடும். அதை அந்த மனையோடு சேர்த்து விலை போட்டு விற்றுவிட்டு, வீட்டுக்கு முன்பக்கம் புதுப் போர் போட்டுக்கொள்ளுங்கள். "போர் பொதுவாக இருக்கட்டும், நாலு பேரும் பயன்படுத்தலாம்" என்பது கேட்க நன்றாக இருக்கும், மோட்டார் எரிந்த அன்றைக்கு அந்தப் பொது முடிந்துவிடும். நான் பார்த்த ஒரு இடத்தில் விற்றவர் வீட்டு மீட்டரிலிருந்தே பின்மனை போருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாசம் இவ்வளவு என்று பேச்சு. பில் ஏறியதும் ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கினார், மற்றவர் மின்வாரியத்தில் புகார் கொடுத்தார், கடைசியில் அபராதம் வந்தது மீட்டர் யார் பெயரிலோ அவருக்கு. இணைப்பு எந்த வளாகத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அதைத் தாண்டி இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவது 2003 மின்சாரச் சட்டம் 126 ஆம் பிரிவில் அங்கீகாரமில்லாத பயன்பாடு, கணக்கிடுவது இரண்டு மடங்குக் கட்டணத்தில். ஆகவே பத்திரப் பதிவுக்கு முன்னால் அந்த மோட்டார் கேபிளை உங்கள் பக்கம் வெட்டி எடுத்துவிடுங்கள்.

இதே 126-ல் இன்னும் அதிகம் மாட்டுவது விவசாய நிலத்தை மனையாக்குபவர்கள். கிணற்றில் இலவச விவசாய இணைப்பு இருக்கும், அதிலேயே மனைக்கு ரோடு போடத் தண்ணீர், வேலியடிக்க வெல்டிங் எல்லாம் ஓடும். உங்களுக்கு இது பொருந்தாது, நஞ்சையோ புஞ்சையோ பிரிப்பவர்கள் அந்த இணைப்பை முதலில் ஒப்படைத்துவிடுவது நல்லது.

ஈ.பி.க்கு வருவோம். 2024-ல் மின்வாரியத்தின் டான்ஜெட்கோ நிறுவனம் பிரிந்து இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர், செக்‌ஷன் ஆபீஸும் ஏ.இ.யும் (உதவிப் பொறியாளர்) அதேதான். மனு கொடுப்பதற்கு முன்னால் ஏ.இ.யைப் பார்த்து உங்கள் வரைபடத்தைக் காட்டி மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் மூன்று வீடு தாங்குமா? கம்பம் எங்கே நட வேண்டும்? தலைக்கு மேல் போகும் கம்பி எதாவது மனைக்குள் வருகிறதா? மூன்று வீட்டுக்குப் பெரும்பாலும் புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருக்காது. கம்பம்தான் கேள்வி. ரோட்டிலிருந்து கடைசி மனை 40 மீட்டர் தூரம், முன்வீட்டு மொட்டை மாடிக்கு மேலே பின்வீட்டு சர்வீஸ் வயரை இழுக்க விடாதீர்கள், அது உங்கள் மாடி கட்டும் ஆசைக்கு முட்டுக்கட்டை, பின்வீட்டுக்காரருக்கும் நிம்மதி இல்லை. பாதையில் ஒரு கம்பமோ இரண்டோ வரும். 12 அடிப் பாதையில் கம்பமும் அதை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியும் போனால் செங்கல் லாரி திரும்ப முடியாது, அதனால் கம்பத்தைச் சுவரை ஒட்டி, முடிந்தால் இரண்டு மனை சேரும் கோட்டில் நடச் சொல்லுங்கள், யார் வீட்டு கேட்டுக்கும் எதிரில் வராது. மண்ணுக்கடியில் கேபிளாகக் கொண்டுபோனால் செலவு கூடும், ஆனால் இவ்வளவு குறுகிய பாதைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

இந்தக் கம்பம், கம்பி நீட்டிப்புச் செலவை எஸ்டிமேட் போட்டுத் தருவார்கள், கேட்பவர் பணம் கட்ட வேண்டும். நீங்கள் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூன்று பேரில் யார் முதலில் வீடு கட்டுகிறாரோ அவர் தலையில் மொத்தச் செலவும் விழும், அவர் கட்டிய கம்பத்திலிருந்து மற்ற இருவர் சும்மா இழுத்துக்கொள்வார்கள், அங்கேயே முதல் மனஸ்தாபம். இந்த ஒரு செலவை மட்டும் விற்பவர் செய்துவிட்டு விலையில் ஏற்றிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. கம்பி பாதைக்குள் வந்துவிட்டால் பிறகு ஒவ்வொருவரும் விண்ணப்பிப்பது சாதாரண இணைப்பு. 2024 பிப்ரவரியில் திருத்திய மத்திய நுகர்வோர் உரிமை விதிகளில் புது இணைப்புக்குப் பெருநகரில் 3 நாள், நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். புதுக் கம்பி இழுக்க வேண்டிய இடத்துக்கு இந்த நாள் கணக்குப் பொருந்தாது, அதற்காகவும்தான் முன்கூட்டியே இழுத்து வைக்கச் சொல்கிறேன்.

தலைக்கு மேல் போகும் கம்பியைப் பற்றிக் கேட்கச் சொன்னேன் அல்லவா? நம் மாவட்டங்களில் 11 கே.வி., 22 கே.வி. (11,000, 22,000 வோல்ட்) உயர் அழுத்தக் கம்பி இரண்டும் ஓடுகிறது, கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 11 கே.வி. வரைக்கும் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதற்கு மேல் 33 கே.வி. வரைக்கும் 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கம்பி கட்டடத்துக்கு மேலே போனால் இரண்டுக்குமே 3.7 மீட்டர் இடைவெளி. 28 அடி மனையின் ஓரத்தில் 22 கே.வி. போனால் ஆறரை அடி கட்ட முடியாத இடம். அதை மறைத்து விற்றால் திரும்பி உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். கம்பியை நகர்த்தலாம், டெபாசிட் கட்டி மின்வாரியம் செய்து தரும், மனைக் கோடு போடுவதற்கு முன்னால் செய்தால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

உங்கள் பழைய வீட்டு இணைப்பில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பாக்கி இருந்தால் கட்டி முடியுங்கள். பழைய பாக்கியைப் புது உரிமையாளரிடம் கேட்க மின்வாரிய விதியில் இடமிருந்தால் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாக்கி இல்லை என்பதற்குக் கடைசி ரசீதை மூன்று பேருக்கும் நகல் கொடுத்துவிடுங்கள், அதே சர்வே எண்ணில் பாக்கி இருக்கிறது என்று அவர்கள் விண்ணப்பம் நின்றால் உங்களுக்குத்தான் போன் வரும்.

தண்ணீரில் உங்களால் முடிந்தது ஒரு பொதுக்குழாய். ஊராட்சிக் குழாய் ஓடும் ரோட்டிலிருந்து பாதையின் ஒரு ஓரமாக எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் போட்டு ஒவ்வொரு மனைக்கும் ஒரு கிளை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். இரண்டரை அடி ஆழமாவது வேண்டும், மேலே ஜல்லி லாரி ஏறப் போகிறது. குழாய்க்கு மேலே ஓரடியில் ஒரு எச்சரிக்கை நாடா போட்டு மூடினால் அடுத்து தோண்டுபவர் வெட்ட மாட்டார், விலையும் ஒன்றும் பெரிதில்லை. முன்னதாக ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், தண்ணீர் திறக்கும் நேரத்தில் கடைசி வரை அழுத்தம் வருமா என்று டேங்க் ஆபரேட்டரைக் கேளுங்கள், அந்த மனிதருக்குத் தெரிந்தது பொறியாளருக்குக்கூடத் தெரியாது.

கழிவுநீர்தான் இந்த மாதிரி சிறு மனைகளில் உண்மையான தலைவலி, அதைப் பற்றி யாரும் விற்கும்போது பேசுவதில்லை. பாதாளச் சாக்கடை உங்கள் ஊராட்சியில் இல்லை, ஆளாளுக்குச் செப்டிக் டேங்க். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 2470, உறிஞ்சு குழியிலிருந்து குடிநீர் எடுக்கும் கிணறோ போரோ 18 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கிறது, 59 அடி. உங்கள் 48-க்கு 28 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 56 அடிக்குள்தான் வரும். அதாவது ஒரு மனைக்குள் இரண்டும் வைத்தால் விதியைக் காப்பாற்றவே முடியாது, அதோடு பக்கத்து மனைக்காரர் தன் போரை உங்கள் குழிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டால் அதைத் தடுக்கவும் முடியாது. முழுத் தீர்வு இல்லை, ஆனால் விற்கும்போது நீங்கள் ஒரு ஒழுங்கு போட்டுக் கொடுக்கலாம். எல்லா மனைக்கும் டேங்க்கும் உறிஞ்சு குழியும் பாதைப் பக்கம், போரும் மழைநீர்க் குழியும் எதிர்ப்பக்கம். இதை வரைபடத்திலும் பத்திரத்திலும் ஒரு நிபந்தனையாக எழுதினால் எந்தப் போருக்கும் எந்தக் குழிக்கும் நடுவில் ஏறக்குறைய 40 அடியாவது கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஊராட்சித் தண்ணீர், போர்த் தண்ணீர் மற்றதற்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். டேங்க் பாதைப் பக்கம் இருப்பதில் இன்னொரு லாபம், கழிவுநீர் லாரி பாதையில் நின்றபடியே குழாய் போட்டு உறிஞ்சிவிடும், வீட்டுக்குள் ஓஸ் இழுக்க வேண்டாம்.

நாளைக்குப் பாதாளச் சாக்கடை வந்தால்? திருச்சியைச் சுற்றி ஊர் பெருகும் வேகத்தைப் பார்த்தால் வரும் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு எதிர் ஓரத்தைக் கழிவுநீர்க் குழாய்க்கென்று ஒதுக்கி வையுங்கள், இப்போதே குழாய் போட வேண்டாம், எந்த ஆழத்தில் மெயின் வரும் என்று தெரியாமல் போடுவது வீண். 4 இஞ்ச் குழாய்க்கு 60 அடிக்கு ஓரடி சரிவு வேண்டும், 130 அடிப் பாதைக்கு இரண்டு அடிக்கு மேல் இறக்கம். ரோடு மேல் ரோடு போட்டு ஏறிக்கொண்டே போகும் ஊரில் பின்மனை தாழ்ந்து கிடந்தால் அந்தச் சரிவு கிடைக்காது. ஆகவே இப்போது செய்ய வேண்டியது மண் நிரப்பி மட்டம் ஏற்றுவது. கடைசி மனை உயரமாகவும் பாதை ரோட்டை நோக்கிச் சரிந்தும் இருக்கட்டும், மழைத்தண்ணீரும் அதே வழியில் வெளியேறும்.

சென்னைக்குள் பிரிப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே மெட்ரோ வாட்டர், தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பம், ரோடு வெட்டுக் கட்டணம் மாநகராட்சிக்குத் தனி. கழிவுநீர் இணைப்புக்கு "அழைத்தால் இணைப்பு", "இல்லந்தோறும் இணைப்பு" என்ற திட்டங்களும் உண்டு. போர் போடுவதற்கே 1987 நிலத்தடி நீர்ச் சட்டத்தில் அனுமதி வேண்டிய பகுதிகளும் இருக்கின்றன. பெரிய லேஅவுட் என்றால், அதாவது 10,000 சதுர மீட்டருக்கு மேல், டிரான்ஸ்ஃபார்மருக்கென்றே மின்வாரியத்துக்கு அரை சதவீதம் இடமும் உள்ளாட்சிக்கு அரை சதவீதமும் விட வேண்டும், வரைபடத்தில் பி.பி., அதாவது பப்ளிக் பர்ப்பஸ், என்று குறித்திருப்பது அதுதான். உங்களுக்கு இவை எதுவும் இல்லை.

கடைசியாகப் பணக் கணக்கு, இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மண் நிரப்புவது, பாதை, ஈ.பி. கம்பம், குழாய் எல்லாம் கூட்டி வரும் தொகையைச் சிலர் "டெவலப்மெண்ட் சார்ஜ்" என்று பத்திர விலைக்கு வெளியே தனியாக வாங்குகிறார்கள். வேண்டாம். நிலம் விற்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சமன் செய்து, வடிகால், தண்ணீர், மின்சார வசதி போட்டு விற்றாலும் கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் 177 ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதே வேலையைத் தனிச் சேவையாகக் காட்டிப் பணம் வாங்கினால் அந்தச் சேவைக்கு வரி உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. செலவை மனை விலையில் சேர்த்து ஒரே தொகையாகப் பத்திரத்தில் காட்டுங்கள்.

வேலை நடக்கும் வரிசையைக் கேட்டால், உட்பிரிவு ஒப்புதல், ரெரா பதிவு, பிறகு மண், பிறகு தண்ணீர்க் குழாய், பிறகு ஈ.பி. கேபிள், அதே பள்ளத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் கேபிளுக்காகச் சும்மா ஒரு காலி பி.வி.சி. குழாய், அதற்கு மேலே கடைசியாகப் பாதைக்கு ஜல்லியோ பேவர் பிளாக்கோ. பேவர் பிளாக் என்றால் பின்னால் பிரித்துத் தோண்டித் திரும்ப அடுக்கலாம், கான்கிரீட் போட்டுவிட்டால் உடைக்கத்தான் வேண்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே குழாய் சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று டேப் வைத்துப் போட்டோ எடுத்து, அதை அளவோடு ஒரு வரைபடமாக்கி மூன்று பத்திரத்தோடும் இணைத்துவிடுங்கள். பத்திரம் பதிந்ததும் உட்பிரிவுப் பட்டாவுக்கு அவர்கள் விண்ணப்பிக்கும்போது சர்வேயர் வருவார், அன்றைக்கு நீங்களும் கூட நின்று பாதைக்குத் தனி உட்பிரிவு எண் விழுகிறதா என்று பாருங்கள். விழாமல் கடைசி மனையோடு சேர்ந்துவிட்டால் மேலே எழுதிய அத்தனையையும் தாலுகா ஆபீஸில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.